முதல் காரும் முடியாத காரும்

முதல் கார் வாங்குவோர் இரண்டு வகை. ஓட்டுவதற்காக வாங்குவோர் ஒரு வகை. ஓட வைப்பதற்காக வாங்குவோர் இன்னொரு வகை. முதல் வகையினர் சில ஆண்டுகள் ஓடிய ஆல்டோ, வேகன்-ஆர், ஐ10 என்று தேடுவார்கள். இரண்டாம் வகையினர் வேப்பமரத்தடியில் நான்கு டயரிலும் காற்றில்லாமல், பின் சீட்டில் கோழி அடைகாக்க, முகப்பு விளக்கு ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும் பிரீமியர் பத்மினியைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடுவார்கள். செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள சிங்கவரம் போன்ற ஊரில் இந்த இரண்டில் எது முதல் காராகத் தகும் என்பதை ஊரின் தேவை, வண்டியின் உடல்நிலை, காகிதம், செலவு என்ற வரிசையில் பார்க்கலாம்.

ஊரின் தேவை எளிது. செஞ்சிக்கு ரயில் நிலையம் இல்லை, எல்லாம் சாலைதான். திண்டிவனம் 28 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. விழுப்புரமும் திருவண்ணாமலையும் 40 கிலோமீட்டரை ஒட்டி இருக்கின்றன. ராத்திரியில் ஒருவருக்கு முடியாமல் போனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்; அங்கிருந்து அனுப்பிவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். ஆகவே முதல் காருக்கு வைக்கப்படும் முதல் தேர்வு, நள்ளிரவில் சாவியைத் திருப்பினால் ஒரே திருப்பில் கிளம்புவது. செல்ஃப் எடுக்காத வண்டியைத் தள்ள நாலு பேர் வேண்டும். அந்த நேரத்தில் நாலு பேரை எழுப்பி, அவர்கள் லுங்கியை இறுக்கிக் கட்டி வருவதற்குள் பிள்ளை பிறந்து பேரும் வைத்திருப்பார்கள்.

இது தவிர மாதத்துக்கு இரண்டு தேர்வுகள் நாள் குறித்தே வருகின்றன. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். இரண்டு நாளும் ஊரை நெருங்கும்போது வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பழைய பத்மினியிலும் அம்பாசடரிலும் ரேடியேட்டர் விசிறியை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. வண்டி ஊர்ந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். விசிறியும் மெதுவாகச் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் குறைவாக வரும். இப்போதைய கார்களில் விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. சூடு ஏறியதும் தானே சுற்றத் தொடங்கும். வண்டி நின்றாலும் அது நிற்பதில்லை. செஞ்சிப் பாறைகள் கொதிக்கும் கத்திரி வெயிலில் பழைய வண்டிக்கு இன்னொரு நோயும் வரும். இன்ஜினை ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பில் பெட்ரோல் ஆவியாகிவிட, கார்புரேட்டருக்கு வெறும் ஆவிதான் போய்ச் சேரும். பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால் வண்டி மறுபடியும் கிளம்பும். அந்தக் காலத்து டிரைவர்கள் அனைவருக்கும் தெரிந்த வைத்தியம் இது. கிரிவலத்துக்குப் போகும் குடும்பத்தில் துண்டைத் தர முன்வருபவர் யார் என்பதுதான் அன்றைக்கு முடிவாகாது.

ஓடாத வண்டியின் மேல் ஆசை வைப்பவருக்கு ஆதரவாகச் செஞ்சியில் ஒரு கதை எப்போதும் தயாராக இருக்கிறது. டெல்லி பாதுஷாவின் லாயத்தில் யாருக்கும் அடங்காமல் நின்ற குதிரையின் மேல், பின்னாளில் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ஏறி அதை அடக்கினான் என்று கூத்திலும் கதைப்பாடலிலும் கேட்டு வளர்ந்த பகுதி இது. யாராலும் முடியாததை நம்மால் முடிக்க முடியும் என்ற எண்ணம் இங்கே தாய்ப்பாலோடு வருவதில் வியப்பில்லை. ஆனால் கதையை ஊன்றிக் கேட்டால் ஒன்று விளங்கும். அந்தக் குதிரைக்கு இருந்தது கோபம், துரு அல்ல. தீனி, தண்ணீர், லாயம், சேவகன் எல்லாம் பாதுஷா செலவு. அதே தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்க்கப் புறப்பட்டபோது, சிங்கவரம் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதர் போக வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர் ஐதீகம். கார் விஷயத்தில் இந்தப் பொறுப்பை வீட்டில் உள்ள பெண்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பத்மினி என்ற பேச்சை எடுத்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்வது நல்லது. தேசிங்கு எடுத்துக்கொள்ளவில்லை, அந்தப் போரிலிருந்து திரும்பவும் இல்லை.

அடுத்தது உடல்நிலை. பழைய வண்டியின் பெயின்ட் பளபளப்பாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான். துரு தின்ற தகட்டை வெட்டி எடுத்து வேறு தகடு வைத்துப் பற்றவைப்பது டிங்கரிங். வெட்டாமல் ஓட்டையைப் பட்டியால் பூசித் தேய்த்து மேலே பெயின்ட் அடிப்பது சிக்கனம். இரண்டையும் பிரித்தறிய, கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று போதும். கைக்குட்டையில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, படிப்பலகை என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி இருக்கும் இடத்தில் வழுக்கி விழும். சில வண்டிகளில் காந்தம் ஒட்டும் இடங்களை எண்ணுவது சுலபம்.

பிறகு புகை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. மூன்றும் முறை வைத்து வந்தால், "ரொம்ப நாளா எடுக்கல தம்பி, ரெண்டு ரவுண்டு போனா சரியாயிடும்" என்பார் விற்பவர். "இன்ஜினை இறக்கிப் பார்த்துடலாம்" என்பார் மெக்கானிக். இறக்கிய இன்ஜின் பட்டறையின் மூலையில் சாக்கின் மேல் உட்காரும். "செவ்வாய்க்கிழமை எடுத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்புவார்கள். எந்தச் செவ்வாய்க்கிழமை என்று கேட்கும் வழக்கம் இல்லை.

மெக்கானிக்கைக் குறை சொல்லவும் முடியாது. பத்மினியின் தயாரிப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றது. ஸ்பேர் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கொண்டுவந்த பாகம் பொருந்தாவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து பொருத்த வேண்டும்; அதுவும் பொருந்தாவிட்டால் மறுபடியும் புதுப்பேட்டை. இவ்வளவு அலைச்சலுக்கும் ஒரு வண்டி வேண்டும். ஓடாத காரை ஓட வைக்க ஓடுகிற கார் ஒன்று கைவசம் இருக்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் அடிப்படை விதி. எதை முதலில் வாங்குவது என்ற கேள்வி இங்கேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

பெட்ரோலும் பழைய வண்டிக்குச் சாதகமாக இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் அரிக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு பிடிக்க இது போதும். பத்து வருட ஆல்டோவுக்கும் இந்தக் கவலை ஓரளவு உண்டு. ஆனால் அதற்கான குழாயை வாங்கத் திண்டிவனத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் மாமா ஒருவர் குறுக்கிடுவது வழக்கம். "அந்தக் காலத்து இரும்பு மாப்ள, இடிச்சா எதிர்ல வர்றவன்தான் நசுங்குவான்" என்பார். இப்போதைய கார்களின் முன்பகுதி நசுங்கும்படியே வடிவமைக்கப்படுகிறது. மோதலின் விசையைத் தகடு மடிந்து வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவருக்குக் குறைவாகவே வந்து சேரும். தகடு மடியாத வண்டியில் அந்த விசை முழுவதையும் வாங்கிக்கொள்ள மாமா இருக்கிறார். 2019 ஜூலை முதல் தயாரான புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கு 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. பழைய கார் வாங்கும்போது இந்த ஆண்டுகளுக்குப் பிந்தைய வண்டி கைக்கு எட்டினால், சில ஆயிரம் கூடப் போட்டாலும் நஷ்டமில்லை.

காகிதம் மூன்றாவது. சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது; 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி தனி. வேப்பமரத்தடி பத்மினியின் ஆர்.சி. பெரும்பாலும் காலமான ஒருவர் பேரில் இருக்கும். வாரிசுகள் ஓசூரில் ஒருவரும் துபாயில் ஒருவருமாக இருப்பார்கள். இரண்டு பேரின் கையெழுத்தும் வந்து சேர்வதற்குள் இன்ஜின் பட்டறையிலிருந்து வந்துவிடும் என்று சொன்னால், இந்த நடைமுறை எவ்வளவு நீளும் என்பது புரியும். புதுச்சேரி நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் ஆசை காட்டுவார்கள். தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து வரியும் கட்டியாக வேண்டும். மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

நம்பகமான பழைய காரைத் தேர்வதற்கும் கண் வேண்டும். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் எல்லாம் டாக்டர் ஓட்டியவை; அவரும் கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டியிருப்பார். இதை அப்படியே நம்பினால் நம் டாக்டர்கள் கார் மாற்றுவதைத் தவிர வேறு வேலை பார்ப்பதில்லை என்றாகும். டாக்டரை விட்டுவிட்டு சர்வீஸ் பில்களைக் கேட்பது மேல். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் தெரியும். கடன் முடிந்திருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கியாயிற்றா என்றும் பார்க்க வேண்டும்.

வட தமிழ்நாட்டில் வெள்ளத்தையும் விசாரிக்க வேண்டும். 2015-இலும் 2023-இலும் சென்னையில் மூழ்கி எழுந்த வண்டிகள் குளித்து முடித்துப் பவுடர் போட்டு மாவட்டங்களுக்கு வந்தன. 2024 ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்திலுள்ள மயிலத்திலேயே ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உள்ளே புகுந்த தண்ணீரை வண்டி மறைத்தாலும் சீட் பெல்ட் மறைக்காது. பெல்ட்டை முழுவதும் இழுத்து, வழக்கமாகச் சுருண்டே கிடக்கும் கடைசி ஒரு முழத்தைப் பார்க்க வேண்டும். சேற்றுக் கோடு அங்கேதான் தங்கியிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் மணலும் மிதியடிக்கு அடியில் ஊறிய வாடையும் இருந்தால் விலையைக் கேட்காமலே கிளம்பிவிடலாம்.

கடைசியாகச் செலவு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் போட்டு வந்த பணத்தில் கார் வாங்கும் குடும்பத்துக்கு, விலை ஒரே தடவையில் தெரிவது முக்கியம். நல்ல நிலையிலுள்ள பழைய ஆல்டோவின் விலை விற்பவர் வாயிலிருந்து ஒருமுறை வரும். பேரம் முடிந்தால் அத்தோடு சரி. புதுக் கார் என்றாலும், 2025 செப்டம்பரில் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த பிறகு தவணைக் கணக்கு போட்டுப் பார்க்கும்படி இருக்கிறது. பத்மினியின் விலை தவணையில் வருவதில்லை, தவணை தவணையாக வருகிறது. முதலில் சொல்வது வாங்கிய விலை. அதைத்தான் வீட்டில் சொல்வார்கள். பிறகு டிங்கரிங், பெயின்டிங், வயரிங், இன்ஜின் வேலை, ஐந்து டயர், சீட் கவர். மொத்தத்தை ஒரே தாளில் எழுதும் பழக்கம் இந்த வட்டாரத்தில் இல்லை; எழுதியவர்கள் வேலையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். வேலை முடியும்வரை குடும்பம் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போய்வரும் செலவையும் அதே தாளில்தான் சேர்க்க வேண்டும்.

இதனால் பழைய காரின் மேல் ஆசையே கூடாது என்றாகாது. கை கியரும் குரோம் பம்பரும் கொண்ட வண்டியை ஓட வைப்பது நல்ல பொழுதுபோக்கு. அதற்குரிய இடம் இரண்டாவது இடம். முதல் கார் வீட்டில் நின்று, அதன் கடனும் முடிந்து, ஆர்.சி. உயிரோடுள்ள பத்மினி ஒன்று கிடைத்து, காந்தமும் பல இடங்களில் ஒட்டினால் தாராளமாக வாங்கலாம். 50 ஆண்டு கடந்த, அசல் உருவம் மாறாத வண்டி என்றால் 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 20,000 ரூபாய் கட்டி 'விண்டேஜ்' வாகனமாகவே பதியலாம். அப்படிப் பதிந்த காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம், பெட்ரோல் போடப் போகலாம், பழுதுபார்க்கக் கொண்டுபோகலாம் என்று விதி அனுமதிக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்தக் கடைசிப் பிரிவை விதி வருவதற்கு முன்பிருந்தே ஒழுங்காகக் கடைப்பிடித்து வருகிறார்கள்.