பிளாட்டினக்காரர்

பிளாட்டினக்காரர் என்பவர் ஒரு பன்னாட்டு ஓட்டல் குழுமத்தின் விடுதிகளில் ஓராண்டில் 50 இரவுகள் கழித்து, சொந்த வீட்டில் கிடைக்காத சில மரியாதைகளை அங்கே பெறுபவர். தங்குவது அலுவலக வேலைக்காக. வாடகை கொடுப்பது அலுவலகம். மரியாதை மட்டும் அவருடையது. இந்த மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் பிளாட்டினக்காரர் உருவாவார். சொந்தக் காசில் 50 இரவு தங்கக்கூடியவர் பணக்காரர். அது வேறு சாதி, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. தணிக்கையாளர், மருந்துக் கம்பெனியின் மண்டல மேலாளர், வாடிக்கையாளர் அலுவலகத்தில் திங்கள் முதல் வியாழன் வரை குடியிருக்கும் மென்பொருள் ஆலோசகர் ஆகியோரே பெரும்பாலும் இந்த நிலையை அடைகிறார்கள்.

இந்த ஏற்பாடு விமானத்திலிருந்து இறங்கி ஓட்டலுக்குள் நுழைந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் பயணிகளுக்கு மைல் கணக்கு எழுதத் தொடங்கியது. 1983-இல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் அதைப் பின்பற்றின. 1987-இல் ஹில்டன் சேர்ந்துகொண்டது. மேரியட் 2016-இல் ஸ்டார்வுட் குழுமத்தை வாங்கியது. இரு வீட்டுப் புள்ளிக் கணக்குகளையும் கலந்து 2019 பிப்ரவரியில் ‘மேரியட் பான்வாய்’ என்று பெயர் சூட்டியது. பெயருக்கு அகராதியில் பொருள் தேடிப் பயனில்லை. இன்று இதில் 20 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சென்னை, பெங்களூரு, புனே வட்டாரப் பிளாட்டினக்காரருக்கு மிகவும் பழகிய திட்டம் இது என்பதால், மேற்கொண்டு வருபவை இதையொட்டியே சொல்லப்படுகின்றன.

இவ்வகைத் திட்டத்தைத் தமிழில் ‘விசுவாசத் திட்டம்’ என்று மொழிபெயர்ப்பதுண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறது பழமொழி. இங்கே உப்புக்குக் காசு கொடுத்தவரே நினைக்கவும் வேண்டியிருக்கிறது. பிளாட்டினக்காரர் அதைக் குறையாகக் கருதுவதில்லை. வாடிக்கையாளர் அலுவலகத்தின் வாசலுக்கு எதிரிலேயே நல்ல ஓட்டல் ஒன்று இருந்தாலும், 14 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தம் குழுமத்து ஓட்டலில்தான் இறங்குவார். காலையில் ஒன்றரை மணி நேரம் போக்குவரத்து நெரிசலில் கிடப்பார். கற்பு என்பதற்கு இக்காலத்தில் இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது.

உறுப்பினர்களுக்குள் படிநிலை உண்டு. ஓராண்டில் 10 இரவுகளுக்கு சில்வர், 25-க்கு கோல்டு, 50-க்கு பிளாட்டினம், 75-க்கு டைட்டானியம். 100 இரவுகளோடு 23,000 டாலர் செலவும் காட்டுபவர் அம்பாசிடர். அந்த வரியைப் படிக்கும்போது பிளாட்டினக்காரர் சற்று நேரம் மௌனமாகிவிடுவார். சில்வரை அவர் பொருட்படுத்துவதில்லை. இந்தியாவில் ஒரு வங்கியின் கடன் அட்டையை வாங்கினாலே அது கூட வந்துவிடுகிறது. கோல்டும் ஒரு விலையுயர்ந்த அட்டையோடு இலவசமாக வருவதால், அதைத் தத்துப்பிள்ளையாகவே பார்க்கிறார். தங்கத்தை மட்டமாக நினைக்கும் தமிழர் என்று உலகில் ஒரு பிரிவினர் உண்டென்றால் அது இவர்கள்தான். இதனால் குடும்பத்தில் குழப்பம் நேர்வதும் உண்டு. இரவுக் கணக்கு குறைந்துபோன ஆண்டில் ஒருவர் சாப்பாட்டு மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு, “கோல்டுக்கு இறக்கிட்டான்” என்று புலம்ப, “கோல்டு குடுத்தா வேண்டாம்னா சொல்றீங்க மாப்பிள்ளை?” என்று மாமியார் கேட்பார். அதற்கு விளக்கம் சொல்லி முடிவதில்லை.

பிளாட்டினக்காரரின் இயல்பு முழுமையாக வெளிப்படும் இடம் வரவேற்பு மேசை. அங்கே வந்து நிற்கும் நிலையைத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்: மண்டபத்தில் வந்திறங்கும் மாப்பிள்ளை வீட்டார். பன்னீர் தெளித்தார்களா, சந்தனம் நீட்டினார்களா, காபி யாருக்கு முதலில் வந்தது என்பதையெல்லாம் சம்பந்தி எவ்வளவு கூர்மையாகக் கவனிப்பாரோ, அவ்வளவு கூர்மையாக இவரும் கவனிப்பார். வாய்விட்டு எதையும் கேட்க மாட்டார். கேட்டு வாங்கினால் அது மரியாதை ஆகாது. வரவேற்பில் நிற்கும் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “வெல்கம் பேக் சார், எங்க பிளாட்டினம் மெம்பரா இருக்கறதுக்கு ரொம்ப நன்றி” என்று பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் பாதி மரியாதைதான். சொல்லாமலே சாவியைக் கொடுத்துவிட்டால், பந்தியில் இலை போட மறந்த கதைதான். அறைக்குப் போய் மனைவிக்குப் போன் செய்து, “இந்த ஓட்டல் முன்ன மாதிரி இல்ல” என்பார். அந்த ஓட்டலுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவையாக இருக்கலாம்.

மரியாதைகளில் தலையாயது அப்கிரேட், அதாவது பதிவு செய்ததைவிட மேலான அறை. வழக்கமான சூட்கூட இதில் அடங்கும் என்று விதி சொல்கிறது. அதே விதி, அதே வரியில், ‘கிடைக்கும் பட்சத்தில்’ என்றும் சொல்கிறது. திட்டத்தின் மொத்த சாமர்த்தியமும் இந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை ஒருவருக்குத்தான். பரிவட்டத்துக்கு இரண்டு தலைகள் நீண்டால் அது வழக்கு மன்றம் வரை போகும். குழுமமோ எல்லாத் தலைக்கும் பரிவட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, துணி கிடைக்கும் பட்சத்தில் என்று ஓரமாகக் குறித்து வைத்திருக்கிறது. சென்னை கிண்டியில் 2012-இல் திறக்கப்பட்ட ஐடிசி கிராண்ட் சோழா 600 அறைகள் கொண்டது. மேரியட்டின் லக்சுரி கலெக்‌ஷன் வரிசையில் அதுவும் ஒன்று. அந்த அளவுள்ள ஓட்டலில் ஒரு மாநாட்டு நாளன்று வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் பிளாட்டினம் என்று எண்ணத் தொடங்கினால், பிளாட்டினம் அல்லாதவர்களை எண்ணுவதே சுலபம் என்று தெரியும். போதாததற்கு அந்தக் கட்டடமே பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தரச் சான்றிதழில் பிளாட்டினம் வாங்கியிருக்கிறது.

அப்கிரேட் கிடைக்காத நாளில் வரவேற்பில் நிற்பவர் ஓர் உத்தியைக் கையாள்வார். “சார், உங்களுக்காக மேல் மாடியில ரூம் போட்டிருக்கேன், நல்ல வியூ” என்பார். அறை அதே அறைதான். கட்டில் அதே கட்டில்தான். இரண்டாம் மாடிக்கும் பதினோராம் மாடிக்கும் உள்ள வேறுபாடு லிஃப்டில் கூடுதலாக நிற்கும் அரை நிமிடம். பிளாட்டினக்காரர் திருப்தியாக நகர்ந்துவிடுவார். மனிதரைத் திருப்திப்படுத்துவது அத்தனை எளிது என்பதை ஓட்டல்காரர்கள் அறிந்துகொண்ட அளவுக்கு அலுவலகங்கள் அறியவில்லை.

அறைக்குள் நுழைந்தவுடன் பெட்டியைத் திறக்க மாட்டார். முதலில் சோதனை நடக்கும். பழத்தட்டு வந்திருக்கிறதா, மேலாளர் கையால் எழுதிய வாழ்த்து அட்டை இருக்கிறதா, அதில் தம் பெயரின் முதலெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பழத்தை யாரும் உண்பதில்லை. படம் எடுக்கப்பட்டு, பள்ளி நண்பர்களின் வாட்ஸாப் குழுவுக்குப் போய்ச் சேரும்; அதோடு அதன் பிறவிப்பயன் தீர்ந்தது. அடுத்து குளியலறை. ஒரு காலத்தில் சின்னச் சின்ன ஷாம்பு குப்பிகள் வரிசையாக நிற்கும். தினம் நான்காகப் பெட்டிக்குள் போய், வீட்டில் ஓர் அலமாரித் தட்டையே நிரப்பியவை அவை. பிளாஸ்டிக்கைக் குறைக்கப்போவதாகச் சொல்லி, அவற்றுக்குப் பதில் சுவரில் பெரிய குப்பிகளை வைக்கப்போவதாக 2019-இல் மேரியட் அறிவித்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான். பிளாட்டினக்காரரும் சுற்றுச்சூழல் ஆர்வலரே. ஆனாலும் அன்றைக்கு அவருக்கு ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று.

மாலை ஆறு மணிக்கு லௌஞ்ச் திறக்கும். இது உயர்நிலை உறுப்பினர்களுக்கென்று மேல் மாடியில் ஒதுக்கப்பட்ட கூடம். வைக்கப்படுவது சிற்றுண்டி, உண்ணப்படுவது இரவுச் சாப்பாடு. விரல் நீளச் சமோசாவையும் பல்குச்சி குத்திய பன்னீரையும் கொண்டு முழு வயிற்றை நிரப்புவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கையளவே இருக்கும் தட்டோடு ஏழு முறை எழுந்து போக வேண்டும். ஒவ்வொரு முறையும் இப்போதுதான் முதன்முறை போவதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் இரவு உணவுக்குத் தனியாகப் படி கொடுக்கிறது, அது மிச்சம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கண்ணாடிக் கதவில் அட்டையைக் காட்டும்போது எழும் அந்தச் சிறு ஒலி. ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களில் மட்டும் கிளப் லௌஞ்ச் பிளாட்டினத்துக்குத் திறப்பதில்லை. தனியாகக் காசு கட்ட வேண்டும். அந்தப் பெயரை இவர் முன் எடுக்காமலிருப்பது நல்லது.

பல விடுதிகளில் வரவேற்புப் பரிசாகக் காலை உணவு அல்லது 1,000 புள்ளிகள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆயிரத்தை எடுத்துக்கொண்டு வாசலில் இட்லி சாப்பிட்டு வருபவரும் உண்டு. காலை உணவை எடுத்துக்கொண்டு ஆயிரத்தை நினைத்தபடி பொங்கலை விழுங்குபவரும் உண்டு. நிம்மதியாகச் சாப்பிட்டவர் யாரும் இல்லை.

மாலை நான்கு மணி வரை அறையை வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னோர் உரிமை. உல்லாச விடுதிகளிலும் மாநாட்டு ஓட்டல்களிலும் மட்டும் அதற்கு உறுதி கிடையாது. மற்றவர்கள் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்யும்போது பிளாட்டினக்காரர் காலி செய்ய மாட்டார். வேலை பதினொரு மணிக்கே முடிந்திருக்கும். விமானம் ஏழு மணிக்கு. பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டு, சட்டை கசங்காதபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நான்கு ஆவதற்காகக் காத்திருப்பார். உரிமையை விட்டுக் கொடுத்தால் நாளைக்கு அதையும் எடுத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி.

இவருக்கு நாட்காட்டி வேறு. தீபாவளி, பொங்கல் என்று ஊர் எண்ணும்போது இவர் இரவுகளை எண்ணுகிறார். கணக்கு டிசம்பர் 31-உடன் முடியும். ஓராண்டில் ஈட்டிய நிலை அடுத்த ஆண்டு முழுவதும் ஓடி, அதற்கடுத்த பிப்ரவரிக் கடைசியில் காலாவதியாகும். எனவே நவம்பரில் 47 இரவுகளோடு நிற்பவரின் முகத்தில், பெண்ணுக்கு வரன் அமையாதவர் முகத்தில் தெரியும் கவலை தெரியும். அலுவலகத்து டிராவல் டெஸ்க் நூறு ரூபாய் குறைகிறது என்று ஏதாவது இணையச் சந்தையில் பதிவு செய்திருந்தால், அந்த இரவுகள் கணக்கிலேயே ஏறா, புள்ளியும் இல்லை. உடன் வரும் சகாக்களின் அறைகளையும் தம் பெயரில் போட்டு வாடகையைத் தாமே கட்டினால் மூன்று அறைகள் வரை புள்ளி சேரும். இரவு மட்டும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். இதையெல்லாம் வருமான வரிச் சட்டத்தைவிடத் தெளிவாக அவர் அறிந்து வைத்திருக்கிறார்.

மூன்று இரவுகள் குறைந்தால் என்ன செய்வது? கிறிஸ்துமஸ் வாரத்தில், தம் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில், அதே குழுமத்தின் மலிவான ஓட்டல் ஒன்றில் சொந்தக் காசைப் போட்டு மூன்று இரவுக்கு அறை எடுப்பார். அமெரிக்காவில் இதற்கு ‘மெத்தை ஓட்டம்’ என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள். மாலையில் போய்ச் சாவி வாங்கி, படுக்கையைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவார். “ஏங்க, நம்ம வீட்டுல தூங்க என்ன குறை?” என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. ஆண்டுதோறும் பதில், “உனக்குப் புரியாது.”

சேர்ந்த புள்ளிகள் கோடை விடுமுறையில் செலவாகும். ஐந்து இரவுகளைப் புள்ளியில் எடுத்தால் நான்குக்குத்தான் கழிப்பார்கள் என்பதால், மூன்று நாளில் பார்த்து முடிக்கும் ஊரில் குடும்பம் ஐந்து நாள் இருக்கும். பளிங்குக் கூடத்தின் வழியே அம்மா கட்டைப்பையில் பருப்புப்பொடி, நல்லெண்ணெய், ஒரு டிஃபன் கேரியர் ஆகியவற்றோடு நடந்து வருவார். மகன் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். ஆனால் வரவேற்பில் அந்த வாசகம் சொல்லப்படும்போது அம்மாவை அருகில் அழைத்து நிறுத்திக்கொள்வார். “இவ்வளவு நாளு வெளியூர்லயே கிடந்தியேப்பா” என்று அம்மா சொல்வார். பிளாட்டினத்துக்குச் சரியான தமிழ்ப் பொருள் அதுதான். மகன் காதில் விழுந்ததாகத் தெரியாது.

புள்ளியின் மதிப்பு நிலையானதன்று. எந்த ஓட்டலுக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியலை 2022-இல் மேரியட் கைவிட்டது. அதன் பிறகு நாளுக்கு ஒரு விலை. தங்கத்துக்கு விலை ஏறினால் வைத்திருப்பவருக்கு லாபம். அறைக்குப் புள்ளி விலை ஏறினால் சேர்த்தவருக்கு நஷ்டம். மாமியார் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று பிளாட்டினக்காரருக்குத் தோன்றுவது அப்போதுதான்.

இந்த வாழ்க்கைக்கு ஒரு மோட்சம் உண்டு: வாழ்நாள் பிளாட்டினம். மொத்தம் 600 இரவுகளும் பத்து ஆண்டுப் பிளாட்டினமும் முடித்தவருக்கு அது கிடைக்கும். பிறகு யாரும் பறிக்க முடியாது. பெரும்பாலும் அது வந்து சேரும் சமயத்தில் ஓய்வு பெறும் வயதும் வந்துவிடுகிறது. வெளியூர் அனுப்ப அலுவலகம் இருப்பதில்லை. வாழ்நாள் பிளாட்டினக்காரருக்கும் அறை வாடகை உண்டு. இரவுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி தனி.