குறை காதில் இல்லை

கேள்வி: பிரிட்டனின் ‘டூ ரோனீஸ்’ தொடரில் வரும் ‘ஃபோர் கேண்டில்ஸ்’ காட்சியைச் சப்டைட்டிலோடு பார்த்தும் சிரிப்பே வரவில்லை. குறை யாரிடம்?

பதில்: சப்டைட்டிலிடம்தான்! அது எழுத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது; இந்த நகைச்சுவையோ காதில் பிறப்பது. லண்டன் உழைப்பாளிகளின் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ‘ஹ’ உதிர்ந்துவிடும். வாடிக்கையாளர் ரோனி பார்க்கர் கேட்பது ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, அதாவது தோட்டத்து மண்ணைக் கிளறும் ஃபோர்க்குக்குக் கைப்பிடிகள். ‘ஹ’ போனதும் கடைக்காரர் ரோனி கார்பெட் காதில் விழுவது ‘ஃபோர் கேண்டில்ஸ்’. நாலு மெழுகுவத்தியை எடுத்து வைக்கிறார். பிறகு பார்க்கர் வெறும் ‘ஓ’ எழுத்துகள் கேட்கிறார். இந்த ஆள்தான் ‘ஹ’வை விழுங்குகிறவராயிற்றே! கார்பெட் அதைச் சேர்த்துக்கொண்டு களைக்கொத்தும் (‘ஹோ’) தண்ணீர்க் குழாயும் (‘ஹோஸ்’) கொண்டுவருகிறார். அபாரமான கட்டுமானம்!

காட்சி வெளியானது 1976இல். அந்தக் காலத்து இரும்புச்சாமான் கடையில் வாய்திறந்து கேட்டால்தான் சாமான் வரும்; நாமே எடுத்துக் கூடையில் போட்டால் குழப்பத்துக்கு வழி ஏது? எழுதியவரும் பார்க்கர்தான், ஜெரால்ட் வைலி என்ற புனைபெயரில்.

சப்டைட்டிலை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கார்பெட்டின் முகத்தைத் தவறவிடாதீர்கள்.