ஆற்றுக்கு இடமாற்ற உத்தரவு

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை நெய்வேலியில் பழமொழி இல்லை, வரலாறு. 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டினார். கறுப்பாக ஏதோ வந்தது. முதலியார் நிலத்தையும் தானமாகக் கொடுத்தார். 1956இல் அரசு அந்தப் பூதத்துக்கு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் என்று பெயர் சூட்டித் தத்தெடுத்துக்கொண்டது.

அந்த நாளில் அங்கே தண்ணீருக்கு ஒரு கெட்ட பழக்கம். குழாயை இறக்கினால் போதும், மோட்டாரும் கேட்காமல் கரண்டும் கேட்காமல் தானாகப் பொங்கி வயலுக்குப் பாயும். இப்படிச் சொல்பேச்சுக் கேளாத தண்ணீரை வைத்துக்கொண்டு நாடு முன்னேறுமா? பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு கிடக்கும் அந்த நீரை விட்டுவைத்தால் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். ஆகவே இரவு பகலாக இறைக்கிறார்கள், தலைமுறைக் கணக்கில். தண்ணீர் வேண்டும் என்று இறைப்பவன் குடியானவன். தண்ணீரே இருக்கக் கூடாது என்று இறைத்தால் அது வளர்ச்சி. (வறண்ட கோடைகளில் அதில் ஒரு பங்கு சென்னைக் குழாய்க்கும் வந்தது. குடித்தவர்கள் நாமும்தான்.)

சுற்றுக் கிராமங்களில் கிணறு காய்ந்தது. போர் போட்டவர்கள் இன்னும் நூறடி, இன்னும் நூறடி என்று கடனில் இறங்கினார்கள். நிறுவனம் மனம் இளகி, சமூகப் பொறுப்பு நிதியில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்துத் தருகிறது. வள்ளல்தான். ஆனால் பாரி தேர் கொடுத்தபோது, முதலில் முல்லையின் கொழுகொம்பை ஒடித்துவிட்டு வந்து கொடுக்கவில்லை.

மிச்சத் தண்ணீரிலோ சத்து கூடியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் என்ற சூழலியல் அமைப்பு வெளியிட்ட ஆய்வில், வடக்கு வெள்ளூரில் எடுத்த நீரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல 250 மடங்கு. நிலக்கரிக்குள் உறங்கும் பாதரசம், எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஏறிக்கொள்ளும். நரம்பைத் தின்னும், சிறுநீரகத்தைத் தின்னும். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. பிறகென்ன, மாதிரி, அறிக்கை, பதில் மனு, அவகாசம். அவகாசம் கேட்காமல் வேலை பார்ப்பது பாதரசம் ஒன்றுதான்.

இதற்கிடையே பரவனாறு வேறு, சுரங்கம் விரிய வேண்டிய பக்கமாகப் பார்த்து ஓடித் தொலைத்தது. போட்டார்கள் இடமாற்ற உத்தரவு! ஆறு போய்ச் சேரப் புதுக் கால்வாய் வெட்ட, 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெல்லின்மேல் பொக்லைன் இறங்கியது. நிலம் எப்போதோ எங்களுடையது, விதைக்காதே என்று சொன்னோமே என்றது நிறுவனம். அறுவடைவரை இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று கேட்டார் உயர் நீதிமன்ற நீதிபதி தண்டபாணி. அந்தக் காட்சியைப் பார்த்து அழுததாகவும் சொன்னார். கடைசியில் ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று கணக்கானது.

சரி, பயிருக்கு 40,000. உறிஞ்சியெடுத்த நீருக்கு எவ்வளவு? பாதரசத் தண்ணீரைக் குடித்தவன் நரம்புக்கு ஏக்கர் கணக்கா, தலைக் கணக்கா? விலைப்பட்டியல் இன்னும் வரவில்லை. வரும், அதற்கும் ஒரு குழு போடுவார்கள், குழுவின் மேசையில் பாட்டில் தண்ணீர் இருக்கும்.