படம் உடையும் அண்ணே!

எந்த ஊருக்குப் போனாலும் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஒரு டிசைனர் உட்கார்ந்திருப்பார். வயது இருபத்தைந்தும் இருக்கலாம், நாற்பத்தைந்தும் இருக்கலாம். பெயர் எல்லாருக்கும் "தம்பி"தான். யார் வீட்டில் காதணி விழா, எந்த வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள், எந்தப் பெரியவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் ஊருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணீர் அஞ்சலி ஃபைல் ஒன்று, பெயரும் தேதியும் மட்டும் காலியாக, எந்நேரமும் தயாராக இருக்கும்.

காலையிலிருந்து இரவுவரை அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "படம் உடையும் அண்ணே." அதை இதுவரை யாரும் நம்பியதில்லை.

"மாப்பிள்ளை போட்டோவை வாட்ஸப்ல போட்டிருக்கேன் பாருங்க. என் போன்ல கண்ணாடி மாதிரி இருக்கு."

"போன்ல இருக்கும்ணே. பத்திரிகை அட்டையில முழுசாப் போட்டா உடைஞ்சிரும்."

"அதெல்லாம் நீங்க இழுத்து விடுங்க தம்பி."

"மாவு ஒரு கரண்டிதான்ணே இருக்கு. எம்புட்டு இழுத்தாலும் ஓட்டைதான் விழும்."

கணக்கு தம்பி பக்கம். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படம், நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்கித்தான் போய்ச் சேரும். ஆஃப்செட்டில் சுத்தமாக அச்சாக அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஐந்தே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஏ4 தாள் முழுக்க நிரப்ப 2,480க்கு 3,508 பிக்சல் தேவை. அதிலும் மாப்பிள்ளையின் படம் அத்தையிடமிருந்து மாமாவுக்கு, மாமாவிடமிருந்து தரகருக்கு என்று போய், அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே பேட்டரி பதினான்கு சதவீதம் என்று தெரிகிற நிலையில் கடைக்கு வந்திருக்கும்.

இறந்தவர் படம் இன்னும் சிரமம். உயிரோடு இருந்தவரை அவரைத் தனியாக யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். ஏதோ கல்யாணக் கும்பலில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரியும். தம்பி அந்தத் தலையை நோகாமல் வெட்டி எடுத்து, ஏற்கெனவே வைத்திருக்கும் கோட்டு சூட்டு உடம்பின் மேல் பொருத்துவார். வாழ்நாளெல்லாம் வேட்டி கட்டிய எத்தனையோ பெரியவர்கள் முதன்முதலாகக் கோட்டுப் போட்டது அஞ்சலி போஸ்டரில்தான். கழுத்து மட்டும் கொஞ்சம் வேறு நிறத்தில் இருக்கும். துக்க வீட்டில் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

படமே கொண்டு வராதவர்கள் சொல்வது: "கூகுள்ல இருக்கும், எடுத்துப் போடுங்க." உலகத்தில் படம் விற்கிற பெரிய கடைகள் உண்டு. ஜான் ஓரிங்கர் என்ற அமெரிக்கர் தானே எடுத்த 30,000 படங்களை வைத்து 2003இல் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். இன்று அதில் கோடிக்கணக்கான படங்கள். தம்பி அவை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஒன்றுக்கும் காசு கொடுத்ததில்லை. குறுக்கே நிறுவனத்தின் பெயர் ஓடுகிற மாதிரிப் படத்தை இறக்கி, அந்த எழுத்தைப் போட்டோஷாப்பில் அரை மணி நேரம் தேய்ப்பார். எழுத்து போய்விடும். கூடவே படத்தில் இருந்த பெண்ணின் ஒரு புருவமும் போயிருக்கும். இத்தனைக்கும் அது பார்வைக்கு வைத்த சின்னப் படம். தேய்த்த பிறகும் சின்னப் படம்தான். திருடினாலும் அச்சுக்கு உதவாத பொருளை மெனக்கெட்டுத் திருடுகிற ஒரே தொழில் இதுவாகத்தான் இருக்கும். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு புகைப்படத்துக்குப் பதிப்புரிமை, எடுத்தவர் இறந்த பிறகும் அறுபது ஆண்டு நிற்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "நம்ம ஊருக்கு எவன்ணே வந்து பாக்கப் போறான்?" என்பார்.

அன்ஸ்பிளாஷ், பிக்சாபே, பெக்செல்ஸ் என்று காசே கேட்காமல் பெரிய அளவில் படம் கொடுக்கும் தளங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே போய் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து இறக்கக் கடையில் நிற்பவர் விட வேண்டுமே. "சீக்கிரம் தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு." அவசரத்தில் தேடல் பக்கத்தில் தெரியும் கட்டைவிரல் அளவுப் படத்தையே வலது சொடுக்கில் சேமித்துவிடுவார். பின்னணி இல்லாத படம் என்று நம்பி இறக்கிய ரோஜாப்பூ, திறந்து பார்த்தால் சாம்பல் வெள்ளைக் கட்டங்களோடு வந்து நிற்கும். அந்தக் கட்டங்களோடேயே அச்சாகிச் சபைக்கு வந்த பத்திரிகைகளும் உண்டு. டிசைன் புதுசா இருக்கே என்று பாராட்டியவர்களும் உண்டு.

இந்தப் படங்களின் தயவில்தான் நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் பொன்னிறக் கூந்தல் பெண்கள் சிரிக்கிறார்கள். செம்மண் காட்டுக்கு நடுவே இருக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளியின் நோட்டீஸில் நீலக்கண் குழந்தைகள் உலக உருண்டையைச் சுற்றி நிற்கிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த பச்சை மேட்டைத் தெரியாதவர் இல்லை. சார்லஸ் ஓ'ரியர் 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் வண்டியை நிறுத்தி ஃபிலிமில் எடுத்தது. பட விற்பனை நிறுவனத்திடம் கிடந்ததை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. நம் ஊரில் அந்த மேட்டின் மேல் எத்தனை தலைவர்கள் கைகூப்பி நடந்து வந்திருக்கிறார்கள்! கணினித் திரைக்கென்று 800க்கு 600 பிக்சலில் வந்த படம் அது. பத்தடி ஃபிளெக்ஸில் அங்குலத்துக்கு ஏழு பிக்சல்கூடத் தேறாது. ஒரு பிக்சல் கிட்டத்தட்ட நான்கு மில்லிமீட்டர். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பது தம்பியின் தைரியம். ஃபிளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 இருந்தாலே தாராளம். தூரம்தான் அவருக்குத் தெய்வம். சம்பந்தி வீட்டார் மட்டும் மூக்கு ஒட்டுகிற தூரத்தில் வந்து நின்று பார்ப்பார்கள்.

அளவுச் சண்டை முடிந்தால் கலர் சண்டை. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி ஒளியில் எரிகிறது. தாளிலோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலே மை. திரையில் துள்ளுகிற நீலம் தாளில் கத்தரிப்பூ நிறத்தில் படுத்துவிடும், கிளிப்பச்சை செத்துப்போகும். தம்பி அதை மை நிறத்துக்கு மாற்ற மறந்து அனுப்பினால் சிவகாசியிலிருந்து போன் வரும்: "ஆர்ஜிபில வந்திருக்கு, அப்படியே ஓட்டிரவா?" வட்டச் செயலாளரின் நோட்டீஸில் மெஜந்தா கொஞ்சம் குறைந்து, கட்சிச் சிவப்பு காவிப் பக்கம் சாய்ந்து, அண்ணன் கட்சி மாறிவிட்டாரா என்று டீக்கடையில் பேச்சு எழுந்தால், அதற்கும் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும். சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடாமல் கட்டிங்கில் ஓரத்துச் சித்தப்பாவின் காது போனாலும் அவர்தான். காது போனதைவிட, தாய்மாமன் படம் தன் படத்தைவிடப் பெரிதாக இருப்பதுதான் சித்தப்பாவின் கோபம் என்பது வேறு விஷயம்.

இப்போது ஏஐ வந்துவிட்டது. மங்கிய படத்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு பெரிதாக்கித் தருகிறது. இல்லாத பிக்சலை அதுவாகவே கற்பனை செய்து நிரப்புவதால் முடி முடியாகத் தெரிகிறது, பல் முத்துப்போல் இருக்கிறது. தாத்தா பளிச்சென்று இருக்கிறார். யாருடைய தாத்தா என்பதுதான் தெரியவில்லை. பாட்டி மட்டும் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இவரு இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

தம்பி யோக்கியர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு படத்துக்கு அளவு என்று ஒன்று உண்டு என்பதைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரே ஆள் அந்தத் தெருவில் அவர்தான். எனவே அடுத்த முறை படத்தை வாட்ஸப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், சுருங்காமல் போகும். அல்லது கேமராக்காரரிடம் மூலப் படத்தைக் கேட்டுப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். புரூஃபை வீட்டில் எல்லாரும் பார்த்த பிறகு ஓகே சொல்லுங்கள். பிளேட் போட்ட பிறகு போன் செய்து, "தம்பி, ஒரே ஒரு சின்னக் கரெக்‌ஷன்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.