எழுத்துக் கூட்ட ஒரு ஃபீஸ்

நாங்கள் படித்த காலத்தில் ஒரு பையனை மட்டம்தட்ட வாத்தியார்களிடம் ஒரு வாசகம் தயாராக இருக்கும்: "இவன் இன்னும் எழுத்துக் கூட்டித்தாம்ல வாசிக்கான்!" அந்த அவமானத்துக்குப் பயந்தே, அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்து கடகடவென்று ஒப்பித்தவர்கள் நாங்கள். இப்போது தென்காசியில் என் மகள் யுகேஜி படிக்கிறாள். எழுத்துக் கூட்டி வாசிக்கவே அவளுக்குத் தனியாக ஃபீஸ் கட்டுகிறேன். அதற்குப் பெயர் ஃபோனிக்ஸ்.

வீட்டிலும் பழக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எழுத்தின் பெயரைச் சொல்லக் கூடாதாம்; சத்தத்தை மட்டும்தான் சொல்ல வேண்டுமாம். இங்கிலாந்திலிருந்து கிளம்பிவந்த 'ஜாலி ஃபோனிக்ஸ்' முறையில் மொத்தம் 42 சத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அபிநயம். முதல் தவணையில் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று ஆறு. 'ஸ்ஸ்ஸ்' என்றால் கை பாம்பாக நெளிய வேண்டும். 'ஏ'க்கு, எறும்பு ஏறுவதுபோல் விரல்கள் முழங்கை வரை ஓட வேண்டும். 'ட்'டுக்கு, டென்னிஸ் பார்ப்பவர்போல் தலை இரு பக்கமும் ஆட வேண்டும். 'ன்ன்ன்' வந்தால் இரு கைகளையும் விரித்து விமானம் ஓட்ட வேண்டும். இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் செய்துகாட்டிய மாலையில், அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"எந்தச் சாமி வந்துருக்கிய? போன கொடைக்கு வரி குடுத்தாச்சே!"

சாமி இல்லை, இங்கிலீஷ் என்று விளக்கினேன். 'ப்' என்று வெறும் காற்றாகச் சொல்ல வேண்டும். 'ப' என்று ஓர் அகரத்தை ஒட்டிவிட்டால் சத்தங்கள் ஒன்றோடொன்று சேராது. ஃபோனிக்ஸ் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் சூட்சுமம் இது. அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"புள்ளி வச்சாப் போச்சு. ப்-ஏ, பே. இதுக்கா துட்டு குடுக்க?"

சொன்னது நியாயம்தான். 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்தால் 216 உயிர்மெய் என்று அட்டவணையே போட்டு அரிச்சுவடியில் ஒட்டிவைத்திருக்கிறோம். அவர்கள் 'பிளெண்டிங்' என்பது அதைத்தான்.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஏறத்தாழ 44 ஒலி. 26 வீட்டில் 44 குடித்தனம் இருந்தால், எந்தக் கதவைத் தட்டினால் யார் வருவார் என்று யாருக்குத் தெரியும்? நம்முடைய 'க'வும் கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இடம் பார்த்து மாறும். ஆங்கில எழுத்து ஆள் பார்த்து மாறும்.

பாடம் சூடுபிடித்ததும் மகள் ஊரிலுள்ள போர்டுகளில் கைவைத்தாள். பஸ்ஸில் இருந்ததை 'டென்காசி' என்று வாசித்தாள். அவள் படித்த சட்டப்படி அதில் பிழையே இல்லை. சாரல் விழுந்ததும் குற்றாலம் போனோம். அங்கே வெள்ளைக்காரன் விட்டுப்போன ஸ்பெல்லிங்கை ஒவ்வொரு சத்தமாகக் கூட்டினாள்.

"கோர்ட்... ஆல்... ஆம். யப்பா, அருவிக்கு எதுக்குக் கோர்ட்டு?"

ஐந்தருவியில் தலையை நீட்ட இடம் பிடிப்பதில் நடக்கும் வழக்குகளைப் பார்த்தால், கோர்ட் தேவைதான் என்று தோன்றியது. பேரருவியில் தண்ணீர் கூடியதும் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பும் போலீஸ்காரர்தான் நீதிபதி. அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

எழுத்தைச் சத்தத்தோடு சேர்த்துவைக்கத் தமிழக அரசும் ஒருமுறை முயன்றது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி ஓர் அரசாணை வெளியானது. கோயம்புத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் கிடைத்த நீளமான ஸ்பெல்லிங்குகளைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்த சிரிப்பில், அந்த மாதமே ஆணை வாபஸானது. யுகேஜி பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அமோகமாக ஜெயித்திருக்கும்.

இங்கிலாந்தில் இதையெல்லாம் பரீட்சையாகவே வைத்துவிட்டார்கள். 2012 முதல், ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் அங்கே 40 சொற்களை வாசித்துக் காட்ட வேண்டும். அதில் 20 சொற்களுக்கு அர்த்தமே கிடையாது. எந்தக் கிரகத்து ஜந்துவோ என்று தோன்றும் ஒரு படத்தைப் பக்கத்தில் போட்டு, இது அதன் பெயர் என்று விட்டுவிடுவார்கள். மனப்பாடக்காரனைப் பிடிக்க வைத்த பொறி அது. எங்கள் வகுப்பு முழுவதும் அதில் சிக்கியிருக்கும். அன்று வாத்தியாரிடம் குட்டு வாங்கிய எழுத்துக்கூட்டி மட்டும் முதல் மார்க் வாங்கியிருப்பான்.

எங்கள் வீட்டில் இன்னொருவரும் தேறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அம்மா அவரைக்காய் நறுக்கியபடியே அந்த முதல் ஆறு சத்தங்களையும் பிடித்துவைத்திருக்கிறாள். பெரிய எழுத்துகளைப் பேத்தி தனியாகக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். டெபாசிட்டைப் புதுப்பிக்க பேங்குக்குப் போனபோது, பாரத்தை என்னிடமிருந்து பிடுங்கி, பான் நம்பருக்கான கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"ப்... ஏ... ன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏலே, பேன் எத்தனைன்னு கேக்கான். எண்ணியா வச்சிருக்கோம்?"