இருபது குதிரை ஸ்பீக்கர்

பக்கத்து வீட்டில் ஹோம் தியேட்டர் வாங்கியிருக்கிறார்கள். வாங்கட்டும், அவர்கள் காசு. ஆனால் இடுப்புயரப் பெட்டி இரண்டையும் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோடு ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சன்னமான சத்தத்தைச் சுவர் தடுத்துவிடும், கனத்த சத்தம் மட்டும் தாண்டி வரும் என்பது பௌதிகம். ஆகவே குரல், வயலின், புல்லாங்குழல் எல்லாம் அவர்களுக்கு. 'டும் டும்' மட்டும் எனக்கு. என்ன பாட்டு என்றே தெரியாமல் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் எரிச்சல்படுவது? பிடிக்காத பாட்டு என்று தெரிந்தாலாவது முறையாகத் திட்டலாம்.

ஆயக்குடிக்காரன் சத்தத்துக்கு அஞ்சுகிறவன் இல்லை. தைப்பூசம் வந்தால் சத்திரப்பட்டியிலிருந்து பழனி வரைக்கும் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். அன்னதானப் பந்தலுக்குப் பந்தல் மைக் செட். அது முருகன் கணக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை. இது அப்படியா? செய்தி வாசித்தாலும் டும். சோப்பு விளம்பரத்துக்கும் டும்.

சட்டம் என் பக்கம்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45. சொந்த வீட்டு ஸ்பீக்கரானாலும் வீட்டின் எல்லையில் அளந்தால் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அந்த எல்லை என் தலைமாட்டில் இருக்கிறது. ஆனால் விதியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனால், நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்குப் பந்தக்கால் பிடிக்க ஆள் வராது.

அதனால் பாதுகாப்பு என்ற சாக்கில் போவதென்று முடிவு செய்தேன். வீட்டில் ஆம்ப், ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று. போகிற போக்கில் மூன்றாவதாகச் சுவரைப் பற்றியும் சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரையும் அந்த மூன்றையும் சொல்லத்தான்.

முதல் விஷயம் தீக்குச்சி. எந்தத் தீக்குச்சி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இந்நேரம் ஏதோ ஒரு துளையில் ஒயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கோவில்பட்டிக்காரர்கள் அடுப்புப் பற்றவைக்கச் செய்த சாமானை, கரண்டு வருகிற துளையில், அதுவும் மருந்து முனையைக்கூட உடைக்காமல் சொருகி வைத்திருந்தார் பக்கத்து வீட்டு மாப்ளை. ஒயர் லூசாக நின்றால் பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும் என்றேன். எர்த் எங்கே என்றும் கேட்டேன்.

"எர்த்தெல்லாம் மோட்டாருக்குத்தாங்க மாமா. பாட்டுக்கு எதுக்கு?"

மூன்று பின்களில் எர்த் பின் மட்டும் தடித்தும் நீண்டும் இருப்பது அழகுக்கு இல்லை. சொருகும்போது அதுதான் முதலில் தொடும், பிடுங்கும்போது அதுதான் கடைசியில் விலகும். உள்ளே கரண்டு கசிந்து தகர உடம்புக்கு வந்தால், எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தொட்டவர் வழியாகப் போகும். இவ்வளவும் சொன்னேன். ஆம்ப் மேல் கையை வைத்துவிட்டு, "லேசா ஜிவ்வுங்குதுங்க, அவ்வளவுதான்" என்றார்.

அப்போதுதான் ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். '15,000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆம்ப்பின் முதுகைத் திருப்பினால் குட்டி ஸ்டிக்கரில், மின் செலவு 60 வாட். அறுபது உள்ளே போய்ப் பதினைந்தாயிரம் வெளியே வருகிறது! இந்த வித்தை தெரிந்தவர்கள் எதற்காக ஸ்பீக்கர் செய்துகொண்டிருக்கிறார்கள்? கூடங்குளத்தை மூடிவிட்டு இவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாமே.

ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆக, இந்தப் பெட்டி இருபது எச்.பி. கொய்யாத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச நம்மூரில் ஐந்து, ஏழரை எச்.பி. மோட்டார் வைத்திருப்பவன் த்ரீ பேஸ் எப்போது வரும் என்று ராத்திரியெல்லாம் டார்ச்சும் கையுமாகக் காத்துக் கிடந்திருக்கிறான். இங்கே மாப்ளை வீட்டு ஹாலில், சிங்கிள் பேஸில், நாலு தோப்பு பாய்கிற மோட்டார் காலாட்டிக்கொண்டு பாட்டுப் பாடுகிறது. 15,000 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 65 ஆம்பியர் வேண்டும். தீக்குச்சி நிற்கிற துளையோ 6 ஆம்பியர். மணிக்கு 15 யூனிட் ஓடும். அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருகிற 100 யூனிட் ஆறு மணி நாற்பது நிமிஷத்தில் தீரும். மத்தியானம் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம், சரி. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியாகக் கணக்கிட்டால் பதினைந்து. பழைய ஆயக்குடி, புது ஆயக்குடி இரண்டிலும் உள்ள வேட்டிகளை ஒரே நாளில் தேய்த்து முடிக்கலாம். சத்தத்துக்கு வருவோம். சுமாரான ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் வரும். அதற்கு மேல் வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் ஏறும். அப்படி ஏறி ஏறிப் பதினைந்தாயிரத்துக்குப் போனால் 130 டெசிபல், காது வலியெடுக்கும் இடம். அது நிஜமாக இருந்தால் நான் சுவரைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டியிருக்காது. சுவர் இருக்காது.

பி.எம்.பி.ஓ. என்பது, ஸ்பீக்கர் உயிர் போகும் முன் ஒரு இமைப்பொழுது கத்தக்கூடிய கத்தலை, இருக்கிற ஸ்பீக்கர் அத்தனைக்கும் கூட்டி, விற்கிறவர் மனசுக்குத் தோன்றியபடி பெருக்கிப் போடுகிற எண். அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். அது பெட்டியின் அடியில், எறும்பு படிக்கிற அளவில் இருக்கும்.

கணக்கை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எங்கள் வீட்டில் மளிகை பில்லை என் கண்ணில் காட்டுவதில்லை. மாப்ளை மட்டும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப இருபதாயிரம் வாட்டே வாங்கியிருக்கலாங்களா மாமா?" என்றார்.

இரண்டாவது விஷயம், ஆம்ப்பின் காற்றுத் துளைகளை மூடிக்கொண்டு கிடந்த எம்ப்ராய்டரித் துணி. உள்ளே வெந்துபோகும், எடுத்துவிடுங்கள் என்றேன். அது அவர் மாமியார் போட்டுக் கொடுத்ததாம். அதை எடுக்கச் சொல்லும் தைரியம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தேன். காபி வந்துவிட்டது. கூடவே முறுக்கும். அவர்கள் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டு அவர்கள் ஸ்பீக்கரை நகர்த்தச் சொல்கிற ஜாதி இல்லை நாம். எழுந்து வந்துவிட்டேன்.

மனசு கேட்காமல், பழனிக்குப் போன இடத்தில் ஒரு த்ரீ பின் டாப் வாங்கி வந்து கொடுத்தேன். மாப்ளைக்கு ரொம்ப சந்தோஷம். அப்போதே ஒயரைச் சீவி மாட்டி, சொருகி, பாட்டும் போட்டுக் காட்டினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது இரண்டே துளை. தடித்த பின்னை ஸ்க்ரூவோடு கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது மிச்சங்க மாமா. வேற எதுக்காச்சும் ஆகும், வச்சுக்கங்க."