ஒரே பயனர், அவரே அட்மின்

"இன்று இரவு 11 மணி முதல் பராமரிப்புப் பணி நடைபெறும். இடையூறுக்கு வருந்துகிறோம்."

மாதாந்திர மின்தடை அறிவிப்பு மாதிரியே இருக்கும். ஆனால் வருந்துவது ஒரே ஒருவர், வருந்துவதும் தம்மிடமேதான். ட்விட்டர் மாதிரியான மாஸ்டடானில் அவர் சொந்தமாக நடத்தும் சர்வரில் இருப்பது ஒரே கணக்கு. அட்மின், மாடரேட்டர், பயனர் எல்லாம் அவரே. 'சக பயனர்களை மரியாதையுடன் நடத்தவும்' என்று விதிமுறைப் பக்கம்கூட வைத்திருக்கிறார்.

2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் கிளம்பிய கூட்டத்தில் இவரும் ஒருவர். மற்றவர்கள் ஏதோ ஒரு பொதுச் சர்வரில் கணக்குத் தொடங்கினார்கள், நாலு படம் போட்டார்கள், சத்தமில்லாமல் திரும்பினார்கள். இவரோ, "அடுத்தவன் இடத்துல நான் ஏன் இருக்கணும்?" என்று சொந்தமாக டொமைன் வாங்கிவிட்டார். ஆளுக்கொரு சர்வர் வைத்துக்கொண்டு எல்லாரோடும் பேசலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகே. அதற்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறைக்கு 2018இல் அங்கீகாரம் கிடைத்ததைக் கேட்காமலே சொல்வார். 'சொந்த இடம்' இருப்பது ஜெர்மனியில், மாத வாடகைக்கு என்பதைக் கேட்டால்தான் சொல்வார்.

சரி, இரவு 11 மணிக்கு என்ன நடக்கிறது?

புதுப் பதிப்பு வந்திருக்கிறது. 500 எழுத்துக்குள் ஒரு காலை வணக்கம் போட, பின்னால் ரூபி ஆன் ரெயில்ஸ், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், சைட்கிக் என்று ஒரு பட்டாளமே ஓடவேண்டும். முதலில் பேக்கப். பிறகு டேட்டாபேஸ் மாற்றம். பாதியில் மெமரி தீர்ந்து எல்லாம் நின்றுபோகும். "பணி எதிர்பார்த்ததைவிடச் சற்று நீள்கிறது" என்று இன்னொரு அறிவிப்பு எழுதுவார். சர்வரே படுத்திருப்பதால் அதைப் போட இடம் இருக்காது. விடியற்காலையில் ஒருவழியாக எழுந்ததும், "பணி வெற்றிகரமாக நிறைவுற்றது. பொறுமைக்கு நன்றி." காலையில் பார்த்தால் அடுத்த திருத்தப் பதிப்பு வந்து நிற்கும். ராத்திரிக்கு மறுபடி வருந்துவார்.

எல்லாமே வெட்டிவேலை என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஜூலையில் மாஸ்டடானில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. சூழ்ச்சியாகத் தயாரித்த ஒரு மீடியா கோப்பை அனுப்பியே சர்வரைக் கைப்பற்றலாம் என்ற அளவுக்கு. திருத்தம் வந்ததும் இவர் தூங்கப் போகவில்லை. அந்த ஒரு ராத்திரிக்கு அவருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

டிஸ்க் கதை தனி. எழுதுவது ஒருவர்தானே, எப்படி நிரம்புகிறது? இவர் பின்தொடர்கிற அத்தனை பேரின் படங்களின் நகலும் இவர் சர்வரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபின்லாந்தில் யாரோ வளர்க்கும் பூனைக்கு இவர் வாடகை கட்டுகிறார். மைத்துனர் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும் நேரத்தில் 'டிஸ்க் 95 சதவீதம்' என்று போன் அலறியது. வலது கை இலையில். இடது கைக் கட்டைவிரலால் கறுப்புத் திரையில் பழைய படங்களை அழிக்கும் கட்டளையைத் தட்டத் தொடங்கினார். ரசம் இலையைத் தாண்டி ஓடியது. "என்னங்க, பூனையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் மனைவி.

இதுவரை தமாஷ். ஊர் சிரித்தாலும் நஷ்டம் அவருக்கு மட்டும்தான். ஆனால் தனியாக இருந்து சலித்துப்போய் அதே மைத்துனரையும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரையும் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே இழுத்தார் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒருநாள் அலுப்பு தட்டியது, டொமைனைப் புதுப்பிக்கவில்லை, கதை முடிந்தது. மாஸ்டடானில் வேறு சர்வருக்குக் குடிபெயர்ந்தால் பின்தொடர்பவர்களைக் கூட்டிப்போகலாம், பதிவுகளைக் கொண்டுபோக முடியாது. பின்தொடர்பவர்களைக் கூட்டிப்போகவும் பழைய சர்வர் உயிரோடு இருக்கவேண்டும். மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே சொல்லவேண்டும் என்று மாஸ்டடான் தன் தளத்தில் பட்டியலிடும் சர்வர்களிடம் உறுதி வாங்குகிறது. இவர் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று நாள்கூடக் கொடுக்கவில்லை.

"மாமா, கல்யாண போட்டோ எல்லாம் அதுலதானே போட்டிருந்தேன்?" என்று மைத்துனர் கேட்டதற்கு வந்த பதில்:

"அதை விடு மச்சான். இந்தத் தடவை மாஸ்டடான் இல்ல, கோடூசோஷியல். மெமரியே கேக்காது. உனக்கு ஒரு அக்கவுண்ட் போட்டுடவா?"